என்னிடமே என்னை விசாரித்தவர்

1

போன வாரம் என் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். மெல்பேர்னில் நான் பஸ் ஓட்டுகிறேன். கண்டியில் இருக்கும் என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இதை இன்னும் நம்பவில்லை. அலுவலகக் கருமபீடத்தில் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பழைய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். திரும்பவும் அட்டையைப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கி, வேறு அடையாளம் ஏதும் கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டாள்.

அவள்மேல் தப்பில்லை. அட்டையில் இருந்தவளுக்குச் சாயம் அடித்த முடி, வாரி இறுக்கிய கொண்டை, கழுத்தோடு சேராத வெளுப்பில் முகம். வாயை ஒரு கோடு மாதிரி மூடிக்கொண்டிருந்தாள். கருமபீடக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றவளுக்குக் காதுவரை வெட்டிய நரைத்த முடி, மஞ்சள் சட்டை, வெயிலில் மினுங்கும் கறுத்த முகம்.

"இரண்டும் நான்தான்," என்றேன். "அதில் இருப்பவள் கொஞ்சம் பயந்துபோயிருந்தாள்."

அவள் சிரித்துவிட்டு என் கடவுச்சீட்டை வாங்கிச் சரிபார்த்தாள். புதுப் படம் எடுக்கும்போது சிரிக்கக் கூடாது என்பது விதி. எனக்கு அடக்க முடியவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கும்வரை எடுத்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தபோது, இதை ஊரில் இருப்பவர்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. ஐம்பதைத் தொட்ட பெண் அழகையும் காதலையும் பற்றி எழுதலாமா என்று யோசிப்பவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். மற்றவர்கள் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

2

நான் கண்டியில், மஹய்யாவையில் பிறந்து வளர்ந்தவள். பெயர் மாலதி. அப்பாவுக்கு மாநகர சபையில் வேலை. எனக்குக் கீழே ஒரே தங்கை, சுமதி. மூக்கு, தாடை, நிறம் எல்லாவற்றிலும் இருவரும் அப்பாவை உரித்து வைத்தவர்கள். தெருவில் எல்லோரும் "பெரியவளா, சின்னவளா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள்.

எங்கள் நிறம் கறுப்பு. கல்யாணத் தரகர் அதை மாநிறம் என்பார். மெல்பேர்னில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு அனுப்பப் போட்டோ வேண்டும் என்று வந்தபோது, சுமதி டவுனில் அழகுக்கலை படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு முடியவில்லை, ஆனால் அப்போதே கை நன்றாக ஓடும். என்னை உட்கார வைத்துப் பவுடருக்கு மேல் பவுடராகப் போட்டாள். மிச்சத்தை ஸ்டூடியோக்காரர் பார்த்துக்கொண்டார். படம் கைக்கு வந்தபோது அம்மா அதைப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினார். படத்தில் இருந்தவள் நல்ல அழகி. எங்கள் வீட்டில் யாருக்கும் அவளைப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாப்பிள்ளை கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கினார். நாங்கள் எல்லோரும் வேன் பிடித்துப் போயிருந்தோம். கூட்டத்துக்குள் என்னைத் தாண்டிப் போய்விட்டு, அப்பா கூப்பிட்டதும் திரும்பி வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போட்டோவுல வேற மாதிரி இருந்தீங்க," என்றார்.

அதில் கோபம் ஏதும் இல்லை. கடையில் வாங்கிய சாமானை வீட்டில் வைத்துப் பிரித்துப் பார்க்கிறவரின் குரல் அது. அழைப்பிதழெல்லாம் கொடுத்து முடிந்திருந்தது. கல்யாணமும் நடந்தது.

அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்தப் பேச்சைத் திரும்ப ஒரு தடவைகூட எடுத்ததில்லை. ஆனால் எந்தக் கடைக்குப் போனாலும் நான் கையில் எடுக்கும் துணியை மெதுவாக வாங்கித் திரும்ப வைப்பார். "இந்தக் கலர் உங்களுக்கு எடுக்காது." அப்படியே மஞ்சள் போனது, சிவப்பு போனது, ஆரஞ்சு போனது. சாம்பலும் கருநீலமும் மிஞ்சின. பல் பளிச்சென்று தெரிகிறது என்று ஒருநாள் சொன்னார். அதற்குப் பிறகு சிரிக்கும்போது வாயைப் பொத்தப் பழகினேன். ஆள் அடங்க அடங்க உடுப்பும் அடங்கியதா, உடுப்பு அடங்கியதால்தான் ஆள் அடங்கினேனா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. மகள் நிலா உயர்பள்ளிக்குப் போகத் தொடங்கிய காலத்தில், பெரிய சண்டை எதுவுமில்லாமல் பிரிந்தோம்.

தனியாக வந்த பிறகு பஸ் ஓட்டப் பழகினேன். முதல் சம்பளத்தில் ஒரு மஞ்சள் சட்டை வாங்கினேன். எடுக்கிறதா இல்லையா என்று யாரிடமும் கேட்கவில்லை.

3

நிலா இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சிநேகிதிகளோடு தனி வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தை டப்பாவில் கட்டிக்கொண்டு போவாள். அவளுடைய தமிழ் வாரத்துக்கு வாரம் மெலிகிறது. ஒரு ஞாயிறு, என் போனை வாங்கி ஜோடி தேடும் செயலி ஒன்றைப் போட்டுவிட்டாள். வேண்டாம் என்றேன்.

"அம்மா, பயப்படாதீங்க. நீங்க உங்களை நல்லா விக்கணும், அவ்வளவுதான்."

அவள் மனசில் இருந்த ஆங்கில வாக்கியம் எனக்கு விளங்கியது. ஆனால் மஹய்யாவையில் அதை யாராவது காதில் வாங்கியிருந்தால் மகளைக் கட்டிவைத்து அடித்திருப்பார்கள். அதை விளக்கிச் சொன்னபோது மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவளே என் முடிக்குச் சாயம் அடித்தாள். மணல் நிறத்தில் ஒரு கோட்டும் அதே நிறத்தில் காற்சட்டையும் வாங்கி வந்தாள். ஜன்னலோரம் நிற்கவைத்துப் படம் எடுத்தாள். படத்தைப் பார்த்த ஒரு கணக்காளரோடு சில நாள் எழுத்தில் பேசினேன். நன்றாகவே போனது. பஸ்ஸில் நடந்த கதைகளைச் சொல்வேன், அவர் அதற்கு மேலே ஒன்று சொல்வார்.

நேரில் சந்தித்தபோது கோட்டில் கறை பட்டுவிடுமோ என்று கையை மேசையில் வைக்கவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன். அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். மறுநாள் அவரிடமிருந்து மரியாதையாக ஒரு செய்தி வந்தது. நீங்கள் நல்லவர், ஆனால் என்னோடு எழுத்தில் பேசிக்கொண்டிருந்தவர் நேற்று வரவில்லை என்று நினைக்கிறேன்.

அதைப் படித்துவிட்டு எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மனிதர் சொன்னது சரி. உடுப்பு மற்றவர்களின் கண்ணுக்குத்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது முதலில் வேலை செய்வது போட்டிருப்பவர்மேல்தான். மணல் நிறக் கோட்டுக்குள் போனதும் நான் மறுபடி கட்டுநாயக்காவில் நின்ற பெண்ணாகிவிட்டேன். கோட்டை மகளிடமே கொடுத்தேன். அவளுக்கு அது அழகாக இருந்தது. சாயம் போட்ட முடியை அப்படியே வளரவிட்டேன். வெள்ளை வேரிலிருந்து வந்து ஒரு அளவுக்கு எட்டியதும் மிச்சத்தை வெட்டிப் போட்டேன்.

4

யோகன் அதற்குப் பிறகு வந்தவர். சாவகச்சேரிக்காரர், மனைவியை இழந்தவர், மின்தூக்கி திருத்துகிற வேலை. இந்தத் தடவை படத்தை நானே எடுத்துப் போட்டிருந்தேன். பஸ்ஸின் சாரதி ஆசனத்தில், சீருடையில், நரைத்த தலையோடு.

சந்திக்கிற நாளில் வீதித் திருத்த வேலையால் என் பஸ் தாமதமாகிவிட்டது. வீட்டுக்குப் போய் மாற்ற நேரமில்லை. பச்சைப் பாதுகாப்பு மேலங்கியைக்கூடக் கழற்ற மறந்து, தோசைக் கடைக்குள் ஓடினேன். அங்கே மூலையில் ஒருவர் கழுத்துப்பட்டியும் கோட்டுமாக வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார்.

"என்ர மகன்தான் இதைப் போடச் சொன்னவன்," என்றார். "வந்து இருந்த நேரம் தொட்டு ஆக்கள் என்னை முதலாளி எண்டு நினைச்சு பில் கேக்கினம்."

நான் வாயைத் திறந்து சிரித்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, சட்டைக் கையை முழங்கைவரை மடித்தார். நானும் பார்க்கிறவள்தான், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது. கயிறும் இரும்பும் இழுத்துப் பழகிய கைகள். வெட்டிய நகம், சவர்க்கார வாசனை. அந்தக் கோட்டோடே அவர் கடைசிவரை இருந்திருந்தால் நான் இரண்டாம் முறை வந்திருப்பேனா என்பது சந்தேகம்தான். அழகைப் பார்த்து ஆளை எடை போடக் கூடாது என்று பேசுவது எளிது. எனக்கு அந்தக் கைகள் பிடித்தன. அதற்குப் பிறகுதான் ஆள் பிடித்தது.

5

ஒரு வருடம் பழகிய பிறகு, விடுமுறையில் இருவரும் இலங்கை போனோம். அவர் அண்ணனைப் பார்க்க யாழ்ப்பாணம் போனார். நான் கண்டிக்குப் போனேன். சுமதியின் வீடு இப்போது குண்டசாலையில். முன்னறையில் மணப்பெண் அலங்காரக் கடை நடத்துகிறாள். கலஹாவிலிருந்தும் கட்டுகஸ்தோட்டையிலிருந்தும் அவளைத் தேடி வருகிறார்கள். யோகன் அங்கே வந்து எங்கள் வீட்டாரைப் பார்ப்பதாக ஏற்பாடு.

வாசலில் என்னைக் கண்டதும் சுமதி பெட்டியை வாங்கவில்லை. தலையைத்தான் பார்த்தாள்.

"என்னாக்கா இது? வீடியோல இவ்வளவு தெரியலையே. நோய்ல கெடந்து எந்திரிச்சு வந்த மாதிரி."

"நல்லாத்தானே இருக்கேன்."

"நாளைக்கு அவரு மொத மொத நம்ம வீட்டுக்கு வர்றாரு. ஒன்ன இப்படியே நிப்பாட்ட என்னால ஏலாது."

"அவரு என்னைத் தெரிஞ்சவருடி."

"தெரிஞ்சவருக்குன்னா அழகா இருக்கக் கூடாதா?"

 மறுநாள் காலையில் அவளுடைய சுழல் கதிரையில் போய் உட்கார்ந்தேன். தங்கைக்கு ஆசை, செய்துவிட்டுப் போகட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் விரல்கள் முன்னைவிட லேசாகியிருந்தன. நெற்றி, கன்னம், கழுத்து, தோள்வரை பூச்சு. ஒட்டு இமை. நரையை மறைக்கக் கறுப்புத் தெளிப்பு, அதன்மேல் சவுரிக் கொண்டை, பூ. வெளிர் ரோஸ் பட்டு. கண்ணைத் திறந்தபோது, கடை வாசலில் ஒட்டியிருந்த விளம்பரப் படத்துப் பெண் கண்ணாடியில் உட்கார்ந்திருந்தாள். பொய் சொல்லக் கூடாது, அழகிதான்.

சுமதி சேலை மாற்ற உள்ளே போன நேரம் ஓட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நானே கதவைத் திறந்தேன். யோகன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, மரியாதையாகச் சிரித்து, ஒரு பையை நீட்டினார்.

"வணக்கம். நீங்கள் சுமதி தங்கச்சிதானே? நான் யோகன். இது கறுத்தக்கொழும்பு மாம்பழம், பழுக்க இன்னும் ரெண்டு நாள் செல்லும். மாலதி எங்க நிக்கிறா?"

பையை வாங்கிக்கொண்டேன். என் தோளுக்கு மேலால் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் அப்படி ஒரு ஆவல். ஒரு வாரம் பார்க்காத ஆளைத் தேடுகிற கண். என் வாழ்நாளில் ஒருவர் என்னை அப்படித் தேடி நான் பார்த்ததில்லை. அதைப் பார்ப்பதற்கு நான் வேறு ஒருத்தியாக நிற்க வேண்டியிருந்தது.

"இங்கதான் நிக்கிறேன்," என்றேன்.

அவர் கை சுவரைப் பிடித்தது. என்னை மேலிருந்து கீழ் பார்த்தார்.

"நீங்களோ?" என்றார் மெதுவாக. "நீங்கள் கதைச்சிராட்டி நான் இன்னும் உங்களிட்டயே உங்களை விசாரிச்சுக்கொண்டு நிண்டிருப்பன்."

உள்ளிருந்து சுமதி இதைக் கேட்டு முதலில் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. யோகனை உட்காரவைத்து அவள் கணவரிடம் ஒப்படைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். சுமதி கழுவும் தொட்டியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"நான் ஒன்னக் கெடுத்துப்புட்டேனாக்கா?"

"சும்மா இரு. அவரு சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு."

"இன்னைக்கு மட்டும் சொல்லல. ஏர்போட்ல அத்தான் சொன்னது எனக்கும் கேட்டுச்சு. ஒனக்குப் பின்னாலதான் நின்னேன்." குழாயைத் திறந்து மூடினாள். "அந்தப் போட்டோவுக்குப் பவுடர் போட்டது நான். நீங்க பிரிஞ்சிட்டீங்கன்னு போன் வந்த அன்னைக்கும் எனக்கு அதுதான் ஞாபகம். இனி ஒருத்தன் ஒன்னப் பாத்து அப்படிச் சொல்லிடக் கூடாதுன்னுதான் இவ்வளவும் போட்டேன்."

இத்தனை வருடம் அவள் அதைச் சுமந்துகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. கடல் கடந்து போனவளுக்குத்தான் காயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ படிச்சிக்கிட்டிருந்த சின்னப் புள்ள. அம்மா, தரகர், ஸ்டூடியோக்காரர் எல்லாருந்தான் அந்தப் படத்தை அனுப்புனோம். ஒன் பவுடரால கல்யாணம் முறியல. அவருக்கு என்னப் புடிக்கல, எனக்கும் போகப் போக அவரைப் புடிக்கல. அவ்வளவுதான் சுமதி."

மூக்கை உறிஞ்சினாள். பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். "வா, இதைக் கழுவி விடுறேன்."

தேங்காயெண்ணெயைப் பஞ்சில் தொட்டு எல்லாவற்றையும் எடுத்தாள். தலையை அலசினாள். ஈரத் துவாயைச் சுற்றிவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லு. ஒனக்கு எப்படி இருக்க ஆசை?"

அழகு பார்க்கிற கதிரையில் என்னை உட்கார வைத்து அந்தக் கேள்வியை யாரும் கேட்டதே இல்லை. யோசித்துச் சொன்னேன். மஞ்சள் வேண்டும். முடி இப்படியே வேண்டும். கண்ணுக்கு மை வேண்டும், நன்றாகக் கறுப்பாக. அவள் அலுமாரியைத் திறந்து, தனக்கு எடுக்காது என்று உடுத்தாமல் வைத்திருந்த கடுகு மஞ்சள் கைத்தறிச் சேலையை எடுத்தாள். பின்தலையைப் பார்த்துவிட்டு அவளுக்குத் தொழில்காரியின் கோபம் வந்தது.

"இதை எவன் வெட்டுனான்? ஏணிப்படி மாதிரி இருக்கு. இதோட வெளிய விட மாட்டேன்."

கத்தரிக்கோலை எடுத்துப் பின்கழுத்தைச் சீராக்கினாள். சேலைக் கொசுவத்தை ஒவ்வொன்றாக நீவி வைத்தாள். மை தீட்டினாள். கண்ணாடியில் நான்தான் இருந்தேன், ஆனால் யாரோ பொறுமையாக உட்கார்ந்து கவனித்த நான். அதுவரை அலங்காரத்தின்மேல் எனக்கு இருந்த வன்மம் அங்கே போய்விட்டது. தங்கை சொன்னதில் பாதி சரி. தெரிந்தவருக்கு முன்னாலும் அழகாக இருக்கலாம். மறைத்துக்கொள்ளத்தான் கூடாது.

முன்னறைக்குப் போனேன். யோகன் தேத்தண்ணீரை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"ஓம்," என்றார். "மாலதி வந்திட்டா." பிறகு சுமதியின் பக்கம் திரும்பி, "தங்கச்சி, உங்கட கை நல்ல கை," என்றார்.

6

பின்னேரம் எல்லோருமாக டவுனுக்குப் போய் வாவியைச் சுற்றி நடந்தோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. மரத்தடி வாங்குப் பலகைகளில், மழை விட்ட பிறகும் குடைக்குள் ஒளிந்த ஜோடிகள். அவர்களைப் பார்த்து, எங்கள் காலத்தில் இந்தப் பக்கம் தனியாக நடந்தாலே வீட்டுக்குச் செய்தி போய்விடும் என்று சுமதியின் கணவர் சொல்லிக்கொண்டு வந்தார். சுமதி அதைக் காதில் வாங்கவில்லை. காலையிலிருந்து அவளுக்குள் ஒரு கேள்வி இருந்தது.

"கேக்கிறேன்னு கோவிச்சுக்காதீங்க. எங்கக்காகிட்ட என்ன பாத்துப் புடிச்சிச்சு ஒங்களுக்கு?"

 எனக்குக் கேட்கவில்லை என்பதுபோல் தண்ணீரைப் பார்த்தேன். காது முழுக்க அங்கேதான்.

"முதல் நாள் சிரிச்சவ," என்றார் யோகன். "கடை முழுக்கத் திரும்பிப் பாத்தது. அவ வாயைப் பொத்தேல்ல."

அவ்வளவுதான் சொன்னார். சுமதி என்னைப் பார்த்தாள். முன்பு நான் வீடியோ அழைப்புகளில் எப்படிச் சிரிப்பேன் என்பது அவளுக்குத் தெரியும். என் கையைக் கோத்துக்கொண்டு நடந்தாள். அன்றைக்கே, அப்பா அம்மாவுக்குப் பிறகு வீட்டுக்குப் பெரியவரான மாமாவுக்குப் போன் போட்டு, ஆள் நல்லவர், அக்கா முடிவு பண்ணிட்டா, நாம குறுக்க நிக்க வேணாம் என்று சொல்லியும்விட்டாள். நான் அதுவரை முடிவு பண்ணியிருக்கவில்லை. அவள் சொல்லிக் கேட்டபோது அது சரியாகவே இருந்தது.

போன மார்கழியில் மெல்பேர்னில் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். நிலாவும் யோகனின் மகனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு பிள்ளைகளும் எங்களுக்கு உடுப்புத் தெரிவு செய்து தர முன்வந்தார்கள். அன்பாக மறுத்துவிட்டோம்.

7

சுமதிதான் மாறிவிட்டாள். இப்போது மணப்பெண் யார் வந்தாலும், வேலை தொடங்குவதற்கு முன்னால் அவளோடு தனியாகக் கொஞ்ச நேரம் பேசுகிறாளாம். சில தாய்மார்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒருவர் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார். "போகட்டும்," என்றாள் என்னிடம். குரலில் கவலை தெரியவில்லை.

நேற்றுக் காலை வீடியோவில் அழைத்தபோது வேலையில் இருந்தாள். கலஹாவிலிருந்து வந்த ஒரு பெண், எங்களைப் போலவே நல்ல கறுப்பு, கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்து அவளுடைய அம்மாவின் குரல் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் வெளுப்பாப் போடுங்கம்மா. போட்டோவுக்கு எடுக்கணும்ல."

 சுமதி போனைக் கண்ணாடியோரம் சாய்த்து வைத்துவிட்டு, பெண்ணின் தோளில் கை வைத்துக் குனிந்தாள்.

"நீ சொல்லும்மா. போதுமா, இன்னும் வேணுமா?"

அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்தாள். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். அவசரப்படவில்லை. நான் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, இத்தனை ஆயிரம் மைல் தள்ளி, காத்திருந்தேன்.

"இது போதும் அக்கா," என்றாள். "லிப்ஸ்டிக் மட்டும் இன்னும் கொஞ்சம் செவப்பா வேணும்."